நான்கு வயது மகனுக்குக் கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி) அடங்கி அடங்கித் திரும்ப வருகிறது. வீட்டில் என்ன செய்யலாம்?

பொங்கோல் அம்மா:
முழங்கை, முழங்கால் மடிப்பு நான்கிலும் எக்ஸிமா. பலதுறை மருந்தகத்தில் ஸ்டீராய்டு க்ரீமும், ஈரப்பதத்துக்கு அக்குவஸ் க்ரீமும் கொடுத்தார்கள். மூன்று நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் ஒரே வாரத்தில் திரும்புகிறது. இரவெல்லாம் சொறிகிறான். தோல் மெலிந்துவிடும் என்று பயந்து ஸ்டீராய்டை லேசாகத்தான் தடவுகிறேன். மாமியார் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடச் சொல்கிறார். ப்ளீச் குளியல் நல்லதா? சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் குளியல் தொட்டிக்கு எங்கே போவது?

ஈசூன் தாதி:
தங்கச்சி, சீக்கிரம் நிறுத்திவிடுகிறீர்கள், அதுதான் காரணம். நம் நிறத்தில் சிவப்பை வைத்து முடிவு செய்யவே கூடாது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்போ தடிப்போ தட்டுப்பட்டால் உள்ளே இன்னும் ஆறவில்லை. வழவழப்பாகி அரிப்பும் நின்ற பிறகு, மேலும் இரண்டு நாள் பூசிவிட்டு நிறுத்துங்கள். மிஞ்சும் கறுப்புத் தடம் ஸ்டீராய்டுக்குப் போகாது, மாதக்கணக்கில் தானே மங்கும். அதன்மேல் பூசிக்கொண்டே இருந்தால்தான் தோல் மெலியும்.

அளவு: உங்கள் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ட்யூபை ஒரு கோடாகப் பிதுக்கினால் சுமார் 0.5 கிராம். விரல்களோடு சேர்த்து, பெரியவர் கை இரண்டின் பரப்புக்கு அது போதும். மகனின் நான்கு மடிப்புக்கும் சேர்த்து ஒன்று, ஒன்றரை கோடு வரும். அதற்குக் குறைத்தால் அழற்சி அடங்காது, மருந்து போடும் நாள்தான் நீளும். இதே க்ரீமை முகத்தில் போடாதீர்கள். ஆறிய பிறகும் வழக்கமான இடங்களில் வாரம் இரண்டு நாள் மட்டும் பூசும் முறை உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

தெம்பனிஸ் மருந்தாளர்:
அக்குவஸ் க்ரீமைப் பூசி அப்படியே விடாதீர்கள். பலவற்றில் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற சோப்பு வகைப் பொருள் இருக்கிறது, அது தோலை எரிக்கும். சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவிவிடலாம். பூசி விடுவதற்கு வாசனை சேர்க்காத, பாரஃபின் கலந்த கெட்டியான க்ரீம் வாங்குங்கள். பிள்ளைக்கு வாரம் 250 கிராம்வரை தேவைப்படும். 500 கிராம் டப்பா இரண்டு மாதம் வருகிறதென்றால் போதவே இல்லை. டப்பாவுக்குள் கையை விட்டால் கிருமி சேரும், சுத்தமான கரண்டியால் எடுங்கள்.

வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடத்துக்குள் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி, ஈரம் காயுமுன் பூசுங்கள். ரோமம் படிந்த திசையிலேயே தடவ வேண்டும். எதிர்த்துத் தேய்த்தால் மயிர்க்கால்களில் சீழ்க்கொப்புளம் வரும். ஸ்டீராய்டுக்கும் இதற்கும் இடையே அரை மணி நேரம் விடுங்கள். பாரஃபின் ஊறிய துணி சட்டென்று தீப்பற்றும், குத்துவிளக்குப் பக்கம் பிள்ளையை விடாதீர்கள்.

கீறிய தோலில் மஞ்சளும் வேப்பிலையும் எரியும். மஞ்சள் கறை புண் பெரிதாவதையும் மறைத்துவிடும். பாட்டிக்குப் பேரனுக்கு ஏதாவது செய்ய ஆசை இருக்கும்தானே? ஆறிய தோலில் செக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிடச் சொல்லுங்கள்.

‘மூன்றே நாளில் குணம்’ என்று இணையத்தில் விற்கும் மூலிகை க்ரீம் மட்டும் வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம் சோதித்த இப்படிப்பட்ட க்ரீம்கள் பலவற்றில் கடுமையான ஸ்டீராய்டு கலந்திருந்தது.

ஈசூன் தாதி:
ப்ளீச் குளியல், புண் அடிக்கடி சீழ் பிடிக்கும் பிள்ளைகளுக்கானது. மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். தொட்டி தேவையில்லை, குழந்தை உட்காரும் பெரிய பேசின் போதும். வாசனை இல்லாத சாதாரண ப்ளீச், போத்தலில் 5 முதல் 6 சதவீதம் என்று போட்டிருந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி. 30 லிட்டருக்கு 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி. முதலில் தண்ணீரில் கலக்கிவிட்டுப் பிறகு பிள்ளையை இறக்குங்கள். 10 நிமிடம், வாரம் இரண்டு முறை. பிறகு நல்ல தண்ணீர் ஊற்றி, உடனே க்ரீம். தோல் வெடித்துக் கிடக்கும் நாளில் வேண்டாம்.

தேன் நிறப் பொருக்கும் கசிவும் கண்டால் அன்றே மருந்தகம். ஒரே அளவில் சிறு கொப்புளங்கள், குத்தி எடுத்தது போன்ற குழிகள், வலி, காய்ச்சல் என்றால் அது அக்கி வகைக் கிருமி. நள்ளிரவானாலும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பொங்கோல் அம்மா:
நன்றி அக்கா. ஏர்கோன் போடலாமா? பாலர் பள்ளியில் விளையாடி வேர்த்தால்?

ஈசூன் தாதி:
தாராளமாகப் போடலாம். 25, 26 டிகிரியில் வையுங்கள், காற்று நேராக மேலே படாமல். ஏர்கோன் தோலை உலர்த்தும் என்பதால் படுக்குமுன் க்ரீமைத் தாராளமாகப் பூசுங்கள். வேர்வை உப்புத்தான் மடிப்புகளில் கடிக்கிறது. ஈரத் துணியால் ஒற்றி, பருத்தி உடை மாற்றி, க்ரீம் பூச வேண்டும். சிறு டப்பாவில் க்ரீம் போட்டு, அவன் பெயரையும் எந்த நேரம், எந்த இடத்தில் பூச வேண்டும் என்பதையும் எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.