தண்டவாளத்தை ஒட்டிய வீடு: ரயில் சத்தம் பழகிவிட்டது, நள்ளிரவுப் பராமரிப்பு வேலையின் சத்தம் பழகவில்லை

கேள்வி: மூன்றாம் மாடி

எங்கள் குடியிருப்புக்கும் இருப்புப்பாதைக்கும் நடுவே ஒரு வேலியும் 30 மீட்டர் அகலமுள்ள வெற்றுநிலமும்தான் இருக்கின்றன. குடிவந்த புதிதில் ஒவ்வொரு ரயிலுக்கும் விழித்துக்கொண்டோம். இரண்டு மாதத்தில் அது தானாகவே நின்றுவிட்டது. இப்போது பின்னிரவுச் சரக்கு ரயில் போனதா இல்லையா என்பதுகூடக் காலையில் எங்களுக்குத் தெரிவதில்லை. ஆகவே ரயிலைப் பற்றி எனக்குக் குறையேதும் இல்லை.

சிக்கல் மூன்று வாரத்துக்கு முன் தொடங்கியது. சில இரவுகளில் பன்னிரண்டரை மணிக்கு மேல் பணியாட்கள் இயந்திரங்களோடு வந்துவிடுகிறார்கள். முதலில் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். அடுத்து ஒரு வெள்ளை விளக்கு எங்கள் படுக்கையறையின் மேற்கூரையில் சன்னல் கம்பிகளின் நிழலை வரிசையாகப் போடும். அதன் பின் இரும்போடு இரும்பு மோதும் ஒலி, பின்னோக்கி நகரும் வண்டியின் ‘பீப் பீப்’, ஊதல், யாரோ ஒருவர் இன்னொருவரைக் கூவி அழைப்பது என்று நாலு மணி வரை நடக்கும். ஒருநாள் நீளமான மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று கடந்தபோது, தலைமாட்டில் இருந்த டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுவதைக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன்.

எந்த இரவில் வருவார்கள் என்று தெரியாததால், வராத இரவிலும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். 74 வயதான என் அப்பாவுக்குக் காது மந்தம். அவருக்குச் சத்தம் கேட்பதில்லை, ஆனால் கட்டில் நடுங்குகிறது என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், பிறகு விடியும் வரை தூங்குவதில்லை. இந்த வேலையைப் பகலில் செய்யவே முடியாதா? காதடைப்பான், கனத்த திரைச்சீலை, இரட்டைக் கண்ணாடிச் சன்னல் இவற்றில் எது உண்மையில் பயன்தரும்? புகார் கொடுத்தால் ஏதாவது நடக்குமா, அல்லது பெயர் கெடுவதுதான் மிச்சமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: சரளைக்கல்

ஐயா, தண்டவாளப் பராமரிப்பில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தவர்களின் கூட்டத்தில் ஒருவன் என்றும் சொல்லலாம். எனவே முதல் கேள்விக்கு நானே பதில் சொல்வதுதான் நியாயம்.

ஆட்கள் பாதையில் இறங்கி வேலை செய்ய வேண்டுமானால் அந்தப் பாதையில் ரயில் வரக் கூடாது. மின்தடமாக இருந்தால் மேலே செல்லும் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைத் தரையோடு இணைத்து, அதை உறுதிசெய்த பிறகே யாரும் கைவைக்க முடியும். இப்படிப் போக்குவரத்தை நிறுத்தித் தரும் நேரத்தை நாங்கள் ‘பிளாக்’ என்போம். பயணிகள் ரயில் நெருக்கமாக ஓடும் பாதையில் பகலில் அது கிடைப்பது குதிரைக்கொம்பு. இரவில் கிடைக்கும் மூன்று நாலு மணி நேரத்திலும் தொடக்கத்தில் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கும், முடிவில் கருவிகளை எண்ணிச் சரிபார்த்துப் பாதையைத் திருப்பிக் கொடுப்பதற்கும் கணிசமான பங்கு போய்விடும். எஞ்சிய நேரத்தில் அவசர அவசரமாகச் செய்யப்படும் வேலையாதலால்தான் அது உங்களுக்கு இவ்வளவு ஆரவாரமாகக் கேட்கிறது.

வெயிலும் ஒரு காரணம். 1 கிலோமீட்டர் நீளத் தண்டவாளம் 30 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால், தடையில்லாத நிலையில் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் நீளும். இன்று பெரும்பாலும் இடைவெளியில்லாமல் பற்றவைத்த நீண்ட தண்டவாளங்களே இருப்பதால் அவை நீள வழியின்றி உள்ளுக்குள்ளேயே இறுகி நிற்கும். கொளுத்தும் வெயிலில் ஜல்லியைக் கலைத்தால் பாதை பாம்புபோல் நெளிந்துவிடும் ஆபத்து உண்டு. எனவே சில வேலைகளைக் குளிர்ந்த நேரத்துக்குத் தள்ளிவைப்பது நிர்வாகத்தின் சௌகரியத்துக்காக மட்டும் அல்ல.

டம்ளரில் அலை எழுப்பியது பெரும்பாலும் டேம்பிங் இயந்திரமாக இருக்கும். தண்டவாளத்தைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, உளிபோன்ற கரங்களை ஜல்லிக்குள் இறக்கி, நொடிக்கு ஏறத்தாழ 35 முறை அதிரவைத்து, கற்களைக் குறுக்குக்கட்டைகளுக்கு அடியில் நெருக்கித் திணிக்கும் வேலை அது. அந்த அதிர்வு மண்வழியே வந்து அப்பாவின் கட்டிலை அடைகிறது. நல்ல செய்தி என்னவென்றால், அது ஓரிடத்தில் நிற்பதில்லை; கட்டை கட்டையாக நகர்ந்து உங்கள் வீட்டைக் கடந்து போய்விடும். தீப்பொறி பறக்க வந்தால் அது தண்டவாளத்தின் மேற்பரப்பைத் தேய்க்கும் கிரைண்டிங் வண்டி. காதைக் கிழித்தாலும் அதுவும் நகர்ந்துவிடும். ஓரிடத்திலேயே நின்று உயிரை வாங்குவது இரண்டு: ஒன்று பற்றவைப்பு வேலை, மற்றொன்று ஜெனரேட்டர். பற்றவைப்பில் அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் 2000 டிகிரிக்கு மேல் எரிந்து, உருகிய இரும்பு மூட்டில் இறங்கும் அந்த நிமிடம் ஏறக்குறைய மௌனமாகவே கழியும். முன்னதாகத் தண்டவாளத்தை அறுப்பதும் பின்னதாக மூட்டைச் செதுக்கித் தேய்ப்பதும்தான் கூச்சலிடும். ஜல்லியைத் தோண்டிச் சலித்துத் திரும்பக் கொட்டும் வேலை வந்தால், அந்த இரவின் தூக்கத்தைக் கைகழுவிவிட வேண்டியதுதான்.

ஒன்றை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள். பக்கத்துப் பாதையில் ரயில் வரும்போது ஊதப்படும் ஊதலும் ஹூட்டரும் பணியாளர் உயிரோடு வீடு திரும்புவதற்கானவை.

மறுமொழி: சன்னலோரம்

கட்டட ஒலியியல் என் தொழில். பணத்தைச் செலவிடுவதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். சன்னலை நன்றாகச் சாத்திவிட்டு, வெளியே காற்று வீசும் நேரத்தில், ஒரு மெல்லிய காகிதத் துண்டைச் சட்டத்தின் ஓரமெல்லாம் பிடித்துக்கொண்டு போங்கள்; காகிதம் எங்கே படபடக்கிறதோ அங்கேதான் சத்தமும் நுழைகிறது. சன்னலின் மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும், மீதிப் பரப்பில் எவ்வளவு தடித்த கண்ணாடி போட்டாலும் அந்தச் சன்னலால் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. நகர்த்தித் திறக்கும் சன்னல்களில் இரண்டு கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நடு இடுக்கை எல்லோரும் மறந்துவிடுவார்கள். ரப்பர் விளிம்புப் பட்டையைக்கொண்டு முதலில் அதை அடையுங்கள்.

இரட்டைக் கண்ணாடி என்று கடையில் விற்பதெல்லாம் சத்தத்துக்கானவை அல்ல. வெப்பத்தைத் தடுப்பதற்காகச் செய்தவற்றில் இரு கண்ணாடிகளுக்கு நடுவே விரலளவு இடைவெளியே இருக்கும்; ஜெனரேட்டர் உறுமல் போன்ற தாழ்ந்த ஒலிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. இருக்கும் சன்னலுக்கு உள்பக்கமாக, 100 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இடைவெளி விட்டு, வேறு தடிமனில் இன்னொரு கண்ணாடிச் சன்னலை வைப்பதுதான் பலன்தரும். அப்படி முழுவதும் அடைத்துவிட்டால் அறைக்குக் காற்று எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். கனத்த திரைச்சீலை அந்த வெள்ளை விளக்கைத் தடுக்கும். அதற்காக வாங்குங்கள், சத்தத்துக்காக வாங்காதீர்கள்.

பஞ்சுபோன்ற காதடைப்பானை வாங்கிவிட்டுப் பயனில்லை என்பவர்களில் பலர் அதைக் காதின் வாசலில் வைத்துவிட்டுப் படுப்பவர்கள். நன்றாக உருட்டி மெல்லியதாக்கி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரிந்து நிறையும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். அப்பாவின் சிக்கலுக்கு இது உதவாது. தளத்தின் நடுப்பகுதிதான் அதிகமாக அதிரும் என்பதால், அவருடைய கட்டிலைச் சுவரோரமாக, குறிப்பாக இரண்டு சுவர்கள் கூடும் மூலைக்கு, நகர்த்திப் பாருங்கள். இருப்புப்பாதையிலிருந்து தள்ளியிருக்கும் அறையானால் இன்னும் நல்லது. கட்டில் கால்களுக்கு அடியில் ரப்பர் துண்டு வைக்கச் சொல்வார்கள், ஆனால் இவ்வளவு தாழ்ந்த அதிர்வில் அதனால் பெரிய மாற்றம் இராது.

புகார் எழுதுவதாக இருந்தால் ஒரு செய்தி. உலகச் சுகாதார நிறுவனம் 2018 இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டி, ரயில் ஒலி இரவில் வீட்டின் வெளியே 44 டெசிபலுக்குக் கீழே இருக்கப் பரிந்துரைக்கிறது. பலரும் அதை மேற்கோள் காட்டித் தோற்றுப்போகிறார்கள், ஏனெனில் அந்த எண் ஓராண்டின் எல்லா இரவுகளுக்குமான சராசரி. ஆண்டில் 10 இரவுகள் 10 டெசிபல் கூடுதலாக இருந்தாலும் சராசரி ஏறத்தாழ 1 டெசிபல்தான் உயரும். காகிதக் கணக்கின்படி நீங்கள் தூங்கியிருப்பீர்கள். அதே நிறுவனத்தின் 1999 ஆம் ஆண்டு வழிகாட்டி, படுக்கையறைக்குள் தனித்தனியாக எழும் ஒலிகளின் உச்சத்துக்கு 45 டெசிபல் என்று சொல்கிறது. உங்கள் நிலைமைக்குப் பொருந்துவது அதுதான்.

மறுமொழி: வேலியருகே

புகார் எழுதுவதில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். என் முதல் கடிதம் இரண்டு பக்கம். எங்கள் உறக்கம், உடல்நலம், உரிமை எல்லாவற்றையும் உருக்கமாக எழுதி, வேலையை நிறுத்துங்கள் என்று முடித்திருந்தேன். அச்சடித்த ஒரு வருத்தக் குறிப்பு வந்தது, அவ்வளவுதான். நிறுத்த முடியாத ஒன்றை நிறுத்தச் சொல்லும் கடிதத்துக்கு யாராலும் வேறு பதில் எழுத முடியாது என்பது பிறகுதான் உறைத்தது.

இரண்டாவது கடிதம் அரைப் பக்கம். மூன்று வாரம் குறித்துவைத்த தேதி, நேரம், என்ன சத்தம் என்ற விவரத்தை மட்டும் இணைத்து, நான்கு கேள்விகள் கேட்டேன். இனி எந்தெந்த இரவுகளில் வேலை நடக்கும்? ஜெனரேட்டரை வீடுகளுக்கு எதிரே நிறுத்தாமல் பாலத்துப் பக்கம் நிறுத்த முடியுமா? விளக்கின் முகத்தைக் கீழ்நோக்கித் திருப்ப முடியுமா? பின்னோக்கி நகரும்போது ‘பீப்’ என்று கூவும் கருவிக்குப் பதிலாக ‘உஷ் உஷ்’ என்று இரையும் வகையைப் பொருத்த முடியுமா? அந்த இரைச்சல் வகை ஆபத்துள்ள இடத்தில் தெளிவாகக் கேட்கும், தொலைவில் சீக்கிரம் கரைந்துவிடும். ஜெனரேட்டரைத் தள்ளிவைப்பது அற்பமான கோரிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஓரிடத்திலிருந்து கிளம்பும் ஒலி, தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். உங்கள் 30 மீட்டர் 120 மீட்டரானால் 12 டெசிபல் போய்விடும். எங்களுக்கு முதல் மூன்றும் கிடைத்தன. நான்காவதற்கு இன்று வரை பதில் இல்லை.

தேதிப்பட்டியல் கைக்கு வந்த அன்று நான் தூங்கிய தூக்கம் எந்தக் கண்ணாடியாலும் கிடைத்திருக்காது.

மறுமொழி: இரவுப்பணி

எல்லாம் போகப் போகப் பழகிவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். ரயில் பழகியது, ஏனென்றால் அது ஒரே மாதிரி வந்து ஒரே மாதிரி போகிறது. ஒழுங்கில்லாத ஒலிக்கு மூளை காவல் காப்பதை விடுவதில்லை; விழித்தது நினைவில் இல்லாத இரவிலும் இதயத்துடிப்பு ஏறி இறங்கத்தான் செய்கிறது. நான் பகலில் தூங்குபவன். மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டு அதன் ஒரே சீரான இரைச்சலுக்குள் ஒளிந்துகொள்கிறேன். அது ஜெனரேட்டரை மறைக்காது, ஆனால் பேச்சுக்குரலையும் ஊதலையும் பாதிக்கு மேல் விழுங்கிவிடும்.

மூன்றாம் மாடி (மீண்டும்)

அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். சன்னலோரம் அவர்கள் சொன்ன காகிதச் சோதனையில் நடு இடுக்கு மட்டுமல்லாமல், குளிர்சாதனக் குழாய்க்காகச் சுவரில் போட்டு அடைக்காமல் விட்ட ஓட்டையும் அகப்பட்டது. அலமாரிக்குப் பின்னால் இருந்ததால் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. இரண்டையும் அடைத்தபின் பேச்சுக்குரல் அறவே கேட்பதில்லை. ஜெனரேட்டர் இருக்கிறது, ஆனால் அடுத்த தெருவில் இருப்பதுபோல் இருக்கிறது. அப்பாவின் கட்டில் பின்னறை மூலைக்குப் போய்விட்டது.

அரைப்பக்கக் கடிதத்துக்கு ஐந்தாம் நாள் பதில் வந்தது. இன்னும் எட்டு இரவுகள், அவற்றில் இரண்டில் ஜல்லி சலிக்கும் வேலை. அந்த இரண்டு இரவுக்கும் அப்பாவை அக்கா வீட்டுக்கு அனுப்புகிறேன். மற்ற நாட்களில் வேலை இல்லை என்பது தெரிந்ததால், படுத்ததும் தூங்கிவிடுகிறேன்.

சரளைக்கல் ஐயாவிடம் ஒரு கேள்வி. முந்தாநாள் தீப்பொறி வண்டி வந்துபோனது. அதற்குப் பிறகு பகல் ரயில்கள் கடக்கும்போது முன்பு இல்லாத ஒரு மெல்லிய சீழ்க்கை ஒலி கேட்கிறது. ஏதாவது பிசகிவிட்டதா, நான் தெரிவிக்க வேண்டுமா?

மறுமொழி: சரளைக்கல்

பிசகு ஒன்றும் இல்லை ஐயா. தேய்கல் விட்டுச்சென்ற நுண்ணிய கோடுகள் தண்டவாளத்தின் தலையில் இன்னும் இருக்கின்றன. சக்கரம் அவற்றின்மேல் உருளும்போது எழுவதே அந்தச் சீழ்க்கை. சக்கரங்கள் ஓட ஓடக் கோடுகள் மழுங்கி, சில வாரங்களில் அது அடங்கிவிடும். பழைய தண்டவாளத்தில் அலையலையாக இருந்த மேடுபள்ளம் போய்விட்டதால், அதன் பிறகு வரும் ரயில்கள் முன்பைவிடக் குறைவாகவே இரையும். உங்களுக்குத்தான் ரயில் கேட்பதே இல்லையே. அக்கா வீட்டிலிருந்து திரும்பியதும் அப்பாவிடம் கட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள்.