பழைய ராலி வாங்கச் சொன்ன அண்ணைக்கு ஒரு கேள்வி

கொக்குவில் பொடியன் (2022 யூலை 24, காலை 6.40)

நேற்று இந்தக் களத்தின் பெற்றோல் வரிசைத் திரியில் சுன்னாகம் ராலி அண்ணை எழுதியது இது: "இந்த நெருக்கடியில் புதுச் சைக்கிள் எடுக்கிறவன் காசைக் கடலில் கொட்டுகிறான். பழைய ராலி ஒன்றை எடுத்துக் கிறீஸ் போட்டால் பேரப்பிள்ளை வரைக்கும் ஓடும்."

வாசித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இதே கதையை அவர் வைகாசியிலும் எழுதினார். அதை நம்பித்தான் யூன் மாதம் 32,000 ரூபாய் கொடுத்து ஒரு ராலி எடுத்தேன். பெற்றோல் 470 ஆவதற்கு இரண்டு நாள் முன்பு. "முன்னுக்குக் கொக்குத் தலை பட்ஜ் இருக்கிறது, அசல் இங்கிலாந்துச் சாமான்" என்று விற்றவர் சத்தியம் பண்ணினார். மூன்றாம் நாள் பெடல் அச்சு கடக் கடக் என்றது. கழற்றிப் பார்த்தால் வலப்பக்கக் கப்பில், அதுதான் அச்சைத் தாங்குகிற கிண்ணத்தில், போல்ஸ் (இரும்புக் குண்டுகள்) ஓடுகிற இடம் முழுக்கக் குழி.

புதுக் கப் தேடிக் கஸ்தூரியார் வீதி, ஸ்ரான்லி வீதி எல்லாம் அலைந்தேன். கப் பிறேமுக்குள் திருகிப் பூட்டுவது; கடைகளில் இருப்பதில் திருகு வரி அங்குலத்துக்கு 24 புரி. ராலிக்கு வேண்டியது 26. சைக்கிள் மூன்று கிழமை கடையில் தொங்க, நான் கால்நடையாக வேலைக்குப் போனேன். இன்று வரைக்கும் 41,000 முடிந்துவிட்டது. அந்த நேரம் புதுசு 55,000. இப்போது சொல்லுங்கள் அண்ணை, 26 புரிக் கப் எங்கே கிடைக்கும்?

சுன்னாகம் ராலி (காலை 7.15)

தம்பி, நான் ராலி எடுக்கச் சொன்னேன், பார்த்து எடுக்கச் சொன்னேன். நீர் பட்ஜைப் பார்த்து எடுத்திருக்கிறீர். கொக்குத் தலைப் பட்ஜை எவனும் கழற்றி எதிலும் பூட்டலாம். வாங்கும்போது சைக்கிளைத் தூக்கிப் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டுப் பிறேமில் காதை வைத்திருந்தால் அந்தக் குழி அப்போதே சத்தம் போட்டிருக்கும்.

அப்பா எடுத்த ராலி என்னிடம் இருக்கிறது. பின் ஹப் ஸ்ரேமி ஆச்சர், மூன்று கியர், அதில் 63 என்று வருடம் அடித்திருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி கிடையாது. அந்தச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோவைக் கொழுவி அப்பா பி.பி.சி. தமிழோசை கேட்பார். 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் இடம்பெயர்ந்தபோது, மழைக்குள், அம்மாவைக் கரியரில் இருத்தி ஹாண்டிலில் இரண்டு பை கொழுவி நாவற்குழிப் பாலம் வரைக்கும் உருட்டினேன். ஓட இடமில்லை, அவ்வளவு சனம். இத்தனைக்குப் பிறகும் அந்தக் கப் மாற்றவில்லை. 59 வருடம். கப் எங்கே கிடைக்கும் என்ற கேள்வியே எனக்கு வரவில்லை.

கொக்குவில் பொடியன் (காலை 7.22)

உங்களுக்கு வரவில்லை. எனக்கு வந்துவிட்டது. 26 புரிக் கப் எங்கே கிடைக்கும்?

மானிப்பாயான் (காலை 8.05)

இரண்டு பேரும் ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? என்னுடையதும் ராலிதான். போன சித்திரையில் கப் தேய்ந்தது. சாதாரணக் கப், இந்தியச் சாமான், 24 புரிதான். எங்கள் ஊர்க் கடைக்காரர் அரை மணித்தியாலத்தில் பூட்டித் தந்தார். மூன்று மாதமாக ஓடுகிறேன், ஒரு சத்தம் இல்லை.

சுன்னாகம் ராலி (காலை 8.11)

நடக்காத கதை. 24 புரிக் கப் ராலிக்குள் போகாது. விட்டம் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் முதல் இரண்டு சுற்றுப் போகும். பிறகு இறுகும். அதற்கு மேல் பெரிய சாவியைப் போட்டு முறித்தால் கப் உள்ளே போகும், பிறேமின் புரி செத்துப்போகும். உங்கள் கடைக்காரர் செய்தது அதுதான். மூன்று மாதம் ஓடும். நாலாம் மாதம் கப் தானாகக் கழன்று வரும்.

மானிப்பாயான் (காலை 8.20)

கையால் பூட்டினார் என்கிறேன். நான் பக்கத்தில் நின்றேன்.

சுன்னாகம் ராலி (காலை 8.24)

கையால் 24 புரிக் கப் போனது என்றால் உங்களிடம் இருப்பது ராலி இல்லை. அல்லது உங்களுக்கு முன்பே எவனோ அதன் புரியை வெட்டி மாற்றியிருக்கிறான். இரண்டில் ஒன்று. மூன்றாவது வழி இல்லை.

கச்சேரியடி ரீச்சர் (காலை 9.30)

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து 7 கிலோமீற்றர். ஸ்கூட்டிக்கு கிழமைக்கு 4 லீற்றர் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனால் ஷெட்டில் எண்ணெய் வந்தால்தானே அதுவும். எனக்குப் பார் இல்லாத பெண்கள் சைக்கிள் வேண்டும், சேலையோடு ஓட. பழையதில் நல்லது கிடைக்குமா? பார்த்த இரண்டும் றிம் துருப்பிடித்துக் கம்பி தளர்ந்து கிடந்தது. அதற்கே 28,000 கேட்கிறார்கள். போன வருடம் அதே சைக்கிளை 8,000க்கும் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

கொக்குவில் பொடியன் (காலை 9.41)

ரீச்சர் சொன்னதுதான் விஷயம். ராலி அண்ணை இன்னும் பழைய உலகத்தில் இருக்கிறார். பழையது மலிவு என்பது புதுசு தாராளமாகக் கிடைக்கிற காலத்துக் கணக்கு. டொலர் 200இலிருந்து 360க்குப் போனது. இறக்குமதிக்காரருக்கு வங்கியில் டொலர் இல்லை, கடைகளில் புதுசு குறைந்தது. உடனே மாட்டுக் கொட்டிலில் கிடந்த சைக்கிள் எல்லாம் வெளியில் வந்து, கழுவி, கறுப்புப் பெயின்ற் அடித்து, புதுசின் விலையில் அரைவாசிக்கு மேல் கேட்கிறது. ரயர், ரியூப், செயின், பிறேக் கட்டை எல்லாம் இன்றைய விலையில் நாங்கள்தான் போட வேண்டும். கூட்டிப் பாருங்கள். இதோடு 26 புரிக் கப்பும் கிடைக்காது.

சுன்னாகம் ராலி (காலை 9.58)

கூட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன். புதுசின் றிம்மை விரலால் அமத்திப் பாரும். மெல்லிய தகடு. ஒரு மூடை மாவைக் கரியரில் ஏற்றி மருதனார்மடத்திலிருந்து வாரும், சில்லு எட்டுப் போடும். ராலியின் பிறேம் பூச்சுக்கு அடியில் துருத் தடுக்கிற மருந்துப் பூச்சு இருக்கிறது. எங்கள் உப்புக் காற்றில் 59 வருடம் நின்றது அதனால்தான். நீர் சொல்கிற புதுசு பண்ணைப் பாலத்தால் இரண்டு மாரி போய் வரட்டும், பிறகு கதைப்போம்.

மானிப்பாயார் பதில் சொல்லவில்லை. உங்கள் பிறேம் இலக்கம் என்ன?

ரொறன்ரோ ராசன் (காலை 10.30)

இங்கே கனடாவில் பழைய ராலி என்றால் சேகரிக்கிறவர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள். 26 புரிக் கப் இணையத்தில் இருக்கிறது. ஒரு கிழமையில் வாங்கலாம். ஊரில் இதற்கெல்லாம் ஏன் இப்படிக் கஷ்டப்படுகிறீர்கள் என்று விளங்கவில்லை.

மானிப்பாயான் (காலை 10.36)

விளங்காது அண்ணை. இங்கே காஸ் சிலிண்டருக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. போன தைமாதம் கிணற்றுத் தண்ணீர்த் திரியிலும் இப்படித்தான் "வடிகட்டி வாங்குங்கள்" என்று எழுதிவிட்டுப் போனீர்கள். விலையைக் கேட்டதற்கு இன்று வரைக்கும் பதில் இல்லை.

ரொறன்ரோ ராசன் (காலை 10.44)

நல்லது சொன்னால் பிழை. நான் அனுப்பிய காசில் கட்டிய வாசிகசாலையில் இருந்துதான் பாதிப் பேர் இங்கே எழுதுகிறீர்கள். அதையும் ஒருமுறை எழுதுங்கள்.

கொக்குவில் பொடியன் (காலை 10.49)

கப்பைப் பற்றிக் கதைக்கும்போது வாசிகசாலை எதற்கு? அனுப்ப முடியுமென்றால் ஒரு சோடிக் கப் அனுப்புங்கள். 26 புரி. காசு தருகிறேன்.

நல்லூர் தமிழன் (முற்பகல் 11.15)

இவ்வளவு நேரமும் வாசிக்கிறேன். ஒருவராவது மிதிவண்டி என்று எழுதவில்லை. சைக்கிள், கப், பிறேம், றிம். தமிழில் எழுதுகிற இடமா இது?

சுன்னாகம் ராலி (முற்பகல் 11.20)

மிதிவண்டி இந்தியாவில் எழுதுகிற சொல். இங்கே துவிச்சக்கரவண்டி என்று அரசாங்கக் கடிதத்தில் வரும், வாயில் சைக்கிள்தான் வரும். என் அப்பா தமிழ் வாத்தியார், அவரும் சைக்கிள் என்றுதான் சொன்னார். நீர் கடைக்குப் போய் மிதிவண்டிக்கு அச்சுக் கிண்ணம் கேளும், தேங்காய்ச் சிரட்டை தருவார்கள்.

நல்லூர் தமிழன் (முற்பகல் 11.26)

அவமதிப்பதற்குத்தான் உங்களுக்குத் தெரியும். ல, ள, ழ திரியிலும் இதே வாய்தான்.

சுன்னாகம் ராலி (முற்பகல் 11.31)

அந்தத் திரியில் பிழை விட்டது நீர். இன்னும் பக்கம் அங்கே கிடக்கிறது.

சரி, கப்புக்கு வருகிறேன். மானிப்பாயார் இன்னும் பிறேம் இலக்கம் தரவில்லை. இந்தியாவில் அசன்சோலில் சென் ராலி என்று 1950களில் ஒரு தொழிற்சாலை போட்டு அங்கேயும் ராலி என்ற பெயரில் செய்தார்கள். உங்களுடையது எங்கே செய்தது என்று முதலில் சொல்லுங்கள்.

மானிப்பாயான் (மதியம் 12.10)

சீற்றுக்குக் கீழே இலக்கம் தேய்ந்துபோய்விட்டது. பாட்டனார் கொழும்பில் எடுத்தது, இங்கிலாந்து என்று பெட்டியில் போட்டிருந்ததாம். என் பாட்டனார் பொய் சொல்ல மாட்டார். நீங்கள் உங்கள் அப்பாவைச் சொல்கிறீர்கள், நான் என் பாட்டனாரைச் சொல்கிறேன். 24 புரி போனது.

சுன்னாகம் ராலி (மதியம் 12.14)

போகாது.

கச்சேரியடி ரீச்சர் (பிற்பகல் 1.20)

பெண்கள் சைக்கிள் பற்றி நான் கேட்டு நாலு மணித்தியாலமாகிவிட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. நான் புதுசுக்கே பதிந்துவிட்டேன். 61,500. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்து 12 மாதத்தில் கட்டலாம். பழையதற்கு எந்தச் சங்கமும் கடன் தராது, 28,000ஐயும் ஒரேயடியாகக் கையில் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அந்த வித்தியாசம் தெரியும். பற்றுச்சீட்டும் இருக்கிறது, நாளைக்குப் பொலிஸ் மறித்துக் கேட்டால் காட்டலாம்.

சுன்னாகம் ராலி (பிற்பகல் 1.35)

ரீச்சர், அவசரப்பட்டுவிட்டீர்கள். சாமான் எடுக்கவில்லை என்றால் பதிவை நிற்பாட்டுங்கள். 61,500க்கு என் கையால் இரண்டு பெண்கள் ராலி திருத்தித் தருவேன். வட்டியைக் கூட்டினீர்களா?

கச்சேரியடி ரீச்சர் (பிற்பகல் 1.41)

கூட்டினேன். நான் கணக்கு ரீச்சர். காலையிலேயே இதைச் சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். நீங்கள் மானிப்பாயாரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

கொக்குவில் பொடியன் (பிற்பகல் 1.50)

ரீச்சருக்கு வாழ்த்து. இரண்டு பெண்கள் ராலி திருத்தித் தருவாராம். கப் தேய்ந்தால் எந்தக் கப் போடுவார்? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

சுன்னாகம் ராலி (பிற்பகல் 2.40)

தேயாத கப் போடுவேன். கேளும். இப்போதுதான் அப்பாவின் சைக்கிளைக் கவிழ்த்துக் கழற்றினேன். உமக்காகத்தான். இடப்பக்கப் பூட்டு வளையம், பிறகு கப். வலப்பக்கக் கப் இடம்புரி, எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும், அது தெரியாமல் முறித்துத்தான் பாதிக் கப்புகள் சாகின்றன. உம்முடைய கடைக்காரர் எந்தப் பக்கம் சுற்றினார் என்று கேட்டீரா? பக்கத்துக்கு 11 போல்ஸ், கால் அங்குலம். மண்ணெண்ணெயில் கழுவத் துளி மண்ணெண்ணெய் இல்லை, தேங்காயெண்ணெய் போட்டுப் பழஞ்சேலைத் துண்டால் துடைத்தேன். கப்பின் உள்பக்கம் ஒரு வெள்ளிக் கோடு, நகத்தால் இழுத்துப் பார்த்தேன், நகம் எங்கும் தடக்கவில்லை. பழைய ஓவர்சியர் அடிமட்டத்தை வைத்துப் புரியை எண்ணினேன். அரை அங்குலத்தில் 13. இரட்டிப்பாக்கினால் 26.

மானிப்பாயார், நீங்களும் கழற்றி எண்ணுங்கள்.

மானிப்பாயான் (பிற்பகல் 3.30)

எண்ணிவிட்டேன். அரை அங்குலத்தில் 12. கப் பிறேமுக்குள்தான் இருந்தது, ஒழுங்காகத் திருகுப்பட்டு வெளியே வந்தது, ஒழுங்காகத் திரும்பப் போனது. கையால்.

சுன்னாகம் ராலி (பிற்பகல் 3.34)

நீங்கள் எண்ணியது புதுக் கப்பை. 24 புரிக் கப்பில் 12 வராமல் என்ன வரும்? பிறேமின் உள்புரியை எண்ணுங்கள்.

மானிப்பாயான் (பிற்பகல் 3.40)

கப் போகிறதென்றால் பிறேமும் அதுதானே.

சுன்னாகம் ராலி (பிற்பகல் 3.42)

போகாது என்பதுதான் என் கதை. உள்ளே மெழுகைத் திணித்து எடுத்தால் புரி அச்சு விழும். அதை எண்ணுங்கள்.

கொக்குவில் பொடியன் (பிற்பகல் 3.55)

மெழுகுதிரியும் இப்போது யானை விலை. அண்ணை, உங்கள் வீட்டில் மேலதிகமாக ஒரு வலக்கப் இருக்கிறதா இல்லையா?

சுன்னாகம் ராலி (பிற்பகல் 4.05)

இருக்கிறது. இரண்டு சோடி. 1980களில் அப்பா வாங்கி வைத்தது, கிறீஸ் கடுதாசியோடு. விற்பதற்கில்லை.

கொக்குவில் பொடியன் (பிற்பகல் 4.06)

59 வருடம் கப்பே மாற்றத் தேவையில்லை என்றீர்கள். பிறகு ஏன் இரண்டு சோடி வாங்கி வைத்தார்?

சுன்னாகம் ராலி (பிற்பகல் 4.20)

அப்பா முன்யோசனைக்காரர். இன்றைக்குப் புதுசு வாங்குகிறவர்களுக்கு அந்தக் குணம் இல்லை என்பதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன். மானிப்பாயார், மெழுகு வைத்தீர்களா?

மானிப்பாயான் (பிற்பகல் 4.31)

வைக்க மாட்டேன். சைக்கிளில் ஏறிச் சந்தைக்குப் போகப் போகிறேன். 24 புரியோடு.

சுன்னாகம் ராலி (பிற்பகல் 4.33)

ஞாயிற்றுக்கிழமை சுன்னாகம் சந்தைக்கு அதைக் கொண்டு வாருங்கள். நான் அடிமட்டத்தோடு நிற்பேன்.

மானிப்பாயான் (பிற்பகல் 4.37)

இன்றைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை. வேண்டுமென்றால் நீங்கள் மானிப்பாய்க்கு வாருங்கள். நான் ஏன் வர வேண்டும்?