ஊர்ப் பெயரை மாற்றினால் ஊர்ப்பற்று மாறுமா?

நெடுவழி:
எங்காவது பெயர் மாற்றம் என்று செய்தி வந்தால் போதும், இரண்டு தரப்பும் கொதிக்க ஆரம்பித்துவிடும். எனக்கு இதில் நம்பிக்கையே இல்லை. வியட்நாமின் சைகோனை 1976-இல் ஹோ சி மின் நகரம் ஆக்கினார்கள். ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியும் பேச்சில் பலருக்கு அது சைகோன்தான். ரயில் நிலையம் இன்றும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. அரசு வைக்கிற பெயர் கடிதத் தலைப்புக்கு உதவும், அவ்வளவுதான். ஊரோடு வரும் ஒட்டுதல் அங்கே புழங்கிப் புழங்கி வருவது.

கல்வெட்டு:
நீங்கள் சொன்ன உதாரணம் உங்களுக்கே எதிராகச் சாட்சி சொல்கிறதே! பெயர் ஒன்றுமே இல்லை என்றால் புதிய பெயரையே சொல்லிவிட்டுப் போகலாம். ஏன் பழையதை விடமாட்டேன் என்கிறார்கள்?

வட அயர்லாந்தின் டெரியைப் பாருங்கள். நகரசபை 1984-இல் தன் பெயரை டெரி என்று மாற்றிக்கொண்டது. ஆனால் நகரத்தின் சட்டப்பூர்வப் பெயர் லண்டன்டெரிதான் என்று 2007-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே நீங்கள் எந்தப் பெயரைச் சொல்கிறீர்கள் என்பதை வைத்தே, அயர்லாந்தோடு சேர நினைப்பவரா பிரிட்டனோடு இருக்க நினைப்பவரா என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். (கணக்கு தப்பாவதும் உண்டு.) சாலைப் பலகைகளில் 'லண்டன்' என்ற பகுதியின் மேல் மட்டும் பெயின்ட் அடித்திருப்பார்கள். கடிதத் தலைப்புக்காகவா இரவில் ஏணி தூக்கிக்கொண்டு போகிறார்கள்?

நெடுவழி:
அது சண்டையின் வேலை. பெயர் இல்லாவிட்டால் கொடியை வைத்துச் சண்டை போட்டிருப்பார்கள். கொடியை வைத்தும் போடுகிறார்கள்!

கிழக்கு ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்தை 1953-இல் கார்ல் மார்க்ஸ் நகரம் ஆக்கினார்கள். 1990-இல் வாக்கெடுப்பு வைத்தபோது 76 விழுக்காட்டினர் பழைய பெயரைக் கேட்டார்கள், திரும்பியது. ஆனால் 1971-இல் வைத்த மார்க்ஸின் பெரிய தலைச்சிலை, 7 மீட்டர் உயரம், அங்கேயேதான் நிற்கிறது. ஊருக்கு அடையாளமே அதுதான் இப்போது. பெயரைத் தூக்கிப் போட்டவர்கள் தலையை வைத்துக்கொண்டார்கள். எது இடத்தோடு ஒட்டும் என்று இதிலேயே தெரியவில்லையா?

செம்மண்:
இருவரும் நகரங்களையே பேசுகிறீர்கள். பெரிய நகரத்துக்குப் பெயர் என்பது பாதி அரசியல். சின்ன இடங்களுக்கு வாருங்கள். அரிசோனாவின் மேற்கு அப்பாச்சி மக்களிடையே கீத் பாசோ என்ற மானிடவியலாளர் பல ஆண்டுகள் வேலை செய்தார். அங்கே ஒரு பாறைக்கோ ஓடைக்கோ உள்ள பெயர், அந்த இடம் எப்படி இருக்கும் என்று படம்போலச் சொல்லும். கூடவே அங்கே முன்பு நடந்த ஒரு கதையும் வரும். யாராவது தவறாக நடந்தால் திட்டுவதில்லை. அந்தத் தவறுக்குப் பொருந்தும் கதை நடந்த இடத்தின் பெயரைச் சொன்னாலே போதும், கேட்டவருக்கு உறைத்துவிடும். அந்தப் பெயரை எடுத்துவிட்டு எண் போட்ட பலகை வைத்தால் பாறை இருக்கும். கதையை எதில் மாட்டுவது?

நெடுவழி:
இது நல்ல உதாரணம். ஆனால் அந்தப் பெயர்களை எந்த அரசும் வைக்கவில்லை. வாழ்ந்தவர்கள் வைத்தது. நான் சொன்னதும் அதைத்தானே?

பனிநதி:
நடுவில் வருகிறேன். ரஷ்யாவின் லெனின்கிராடை யாரும் எடுக்காதது ஆச்சரியம். 1703-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், 1914-இல் பெட்ரோகிராட், 1924-இல் லெனின்கிராட், 1991-இல் மறுபடி பழைய பெயர். அந்த ஆண்டு வாக்கெடுப்பில் பாதிக்குச் சற்று மேல்தான் பழைய பெயரைக் கேட்டார்கள். மறுத்தவர்கள் எல்லோரும் லெனின் பக்தர்கள் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியப் படை போட்ட 872 நாள் முற்றுகையில் பட்டினியில் பிழைத்தவர்களுக்கு லெனின்கிராட் என்பது லெனினின் பெயராகவே இல்லை. அவர்கள் செத்தவர்களைப் புதைத்த ஊரின் பெயர் அது. ஜார் காலத்துப் பெயரை மீட்டவர்களுக்கும் அதே அளவு நியாயம் இருந்தது. சுற்றியுள்ள மாகாணம் இன்னும் லெனின்கிராட் மாகாணம்தான்.

அதனால் 'உண்மையான பெயர்' என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். எந்த ஆண்டின் உண்மை?

கல்வெட்டு:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எல்லாப் பெயரும் சமம் என்று இதை இழுக்காதீர்கள். 1873-இல் வில்லியம் காஸ் என்ற நில அளவையாளர் ஆஸ்திரேலியாவின் நடுவே ஒரு பெரும் பாறையைப் பார்த்துவிட்டு, தெற்கு ஆஸ்திரேலிய அரசியல்வாதி ஹென்றி ஏயர்ஸின் பெயரை வைத்தார். அங்குள்ள பழங்குடிகளான அனங்கு மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உலுரு என்று சொல்லிவந்தார்கள். 1993-இல் 'ஏயர்ஸ் ராக் / உலுரு' என்று இரட்டைப் பெயர், ஏயர்ஸ் முதலில். 2002-இல்தான் உலுரு முன்னால் வந்தது. ஒரு சாய்கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதற்கே இத்தனை ஆண்டு.

நெடுவழி:
சரி, உலுருவில் உரிமை தெளிவு. அமெரிக்காவின் டெனாலி மலைக்கு என்ன சொல்வீர்கள்? அலாஸ்கா மாநிலம் 1975-இலேயே டெனாலி என்று ஏற்றுக்கொண்டது. மத்திய அரசு முன்னாள் அதிபர் மெக்கின்லியின் பெயரிலேயே பிடிவாதமாக இருந்தது, ஏனென்றால் அந்த அதிபரின் சொந்த மாநிலமான ஒஹாயோவின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் விடவில்லை. 2015-இல் டெனாலி, 2025-இல் மறுபடி மெக்கின்லி. தேசியப் பூங்காவின் பெயர் மட்டும் டெனாலியாகவே இருக்கிறது. மலையடிவாரத்தில் குடியிருக்காத ஒஹாயோக்காரருக்கும் அந்தப் பெயர் தன் ஊர்ப் பெருமைதான். அவரிடம் என்ன சொல்லி அனுப்புவது?

செம்மண்:
வேறு மலை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பனிநதி:
ஒஹாயோவில் மலை இல்லை, அதுதானே பிரச்சினை.