இரண்டு கட்டடத்து ஸ்விட்ச்களை ஃபைபரில் இணைக்கும்போது வரும் கோளாறுகள்: அனுபவப் பகிர்வு

கோர்_ரேக் எழுதியது:

"லிங்க் வரல, மாத்தினோம், வந்துடுச்சு" என்று முடிக்காமல், எந்த மாட்யூல் (ஸ்விட்சில் செருகும், ஒளியை அனுப்பிப் பெறும் துண்டு), எந்த கோர் (கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழை), எத்தனை டிபிஎம் (ஒளியின் வலிமை) என்று எழுதினால்தான் அடுத்தவருக்கு உதவும். அப்படி ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

கல்லூரி வளாகம். நிர்வாகக் கட்டடத்தில் கோர் ஸ்விட்ச் (வளாகத்தின் மைய ஸ்விட்ச்), விடுதியில் 24 போர்ட் ஆக்சஸ் ஸ்விட்ச். நடுவில் 600 மீட்டர், 6 கோர் ஆர்மர்டு (எஃகுப் பட்டை சுற்றிய) சிங்கிள் மோடு கேபிள். இரு பக்கமும் எல்ஐயு பெட்டி (கேபிள் வந்து முடியும் பெட்டி), அதற்குள் பிக்டெயில் (ஒரு முனையில் கனெக்டர் உள்ள குட்டி ஃபைபர்) ஸ்ப்ளைஸ், அதாவது உருக்கி ஒட்டிய இணைப்பு, அங்கிருந்து ஸ்விட்சுக்கு எல்சி கனெக்டர் பேட்ச் கார்டு. மாட்யூல் இரண்டும் 10ஜி எல்ஆர் (10 ஜிகாபிட், நெடுந்தூர வகை). புகார் என்னவென்றால், விடுதியில் நெட் விட்டு விட்டு வருகிறது. ஆனால் யாராவது நேரில் போய்ப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஸ்விட்சை மாற்றியாயிற்று, மாட்யூலையும் மாற்றியாயிற்று, கோளாறு அப்படியே இருந்தது.

முதலில் கணக்கு. 600 மீட்டருக்கு ஃபைபர் இழப்பு கால் டிபிகூட வராது. ஸ்ப்ளைஸ் இரண்டு, ஒன்றுக்கு 0.1 என்றால் 0.2. கனெக்டர் இணைப்பு இரண்டு, ஒன்றுக்கு அரை டிபி வைத்தால் 1. ஆக மொத்தம் ஒன்றரை டிபி. எதிர்முனை அனுப்புவது மைனஸ் 2.4 என்றால், இங்கே மைனஸ் 4 வாக்கில் வந்து சேர வேண்டும். ஸ்விட்சில் டிரான்ஸீவர் விவரத்தை எடுத்துப் பார்த்தால் நிர்வாகப் பக்கம் மைனஸ் 4.1, சரி. விடுதிப் பக்கம் மைனஸ் 13.6. எல்ஆர் மாட்யூலின் உணர்திறன் எல்லையே மைனஸ் 14.4 தான். லிங்க் விளக்கு பச்சையாகவே எரியும், சிஆர்சி (பிழையோடு வந்த பாக்கெட்) எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்சம் குறைந்தால் லிங்க்கே விழும்.

ஒரு கோர் நன்றாக இருக்கிறது, மற்றது மட்டும் கெட்டிருக்கிறது. அப்படியானால் நடுவழிக் கேபிளைவிட முனைகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விடுதி ரேக்கின் கதவை மூடினால் பேட்ச் கார்டு கீலில் மாட்டி மடிந்தது. திறந்தால் நிமிர்ந்தது. சரிபார்க்க வருபவர் முதலில் செய்வது கதவைத் திறப்பது, அந்த நொடியே கோளாறு மறைந்துவிடும். கார்டை மாற்றி, பக்கவாட்டில் வளைவு பெரிதாக வருமாறு விட்டு, இறுக்கும் பிளாஸ்டிக் டேக்குக்குப் பதில் வெல்க்ரோ போட்டதும் மைனஸ் 4.3. கதவு மூடியிருக்கும்போதே தூரத்திலிருந்து அளவு எடுத்தால்தான் இது பிடிபடும்.

சாதாரணச் சிங்கிள் மோடு கார்டுக்கு வளைவு ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இடம் நெருக்கம் என்றால் ஜி.657 ஏ2 வகை கேட்டு வாங்குங்கள், அது 7.5 மில்லிமீட்டர் வரை தாங்கும்.

ஸ்ப்ளைசர்_சேலம் எழுதியது:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வளைவா, ஸ்ப்ளைஸ் கோளாறா என்று ஓடிடிஆர் (ஒளித் துடிப்பை அனுப்பி, திரும்பும் ஒளியை வைத்து எந்த இடத்தில் இழப்பு என்று காட்டும் கருவி) வைத்துப் பிரிப்பது எளிது. 1310, 1550 நானோமீட்டர் என்ற இரண்டு அலைநீளத்திலும் எடுங்கள். 1310-இல் நன்றாக இருந்து 1550-இல் அதே இடத்தில் இழப்பு அதிகம் காட்டினால் அது வளைவு. இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்றால் ஸ்ப்ளைஸோ கனெக்டரோ. முதல் கனெக்டர் தெரிய வேண்டுமானால் முன்னால் லாஞ்ச் கேபிள் (கூடுதல் ஃபைபர்) சுருள் போட வேண்டும். அது இல்லாமல் எடுத்தால் எல்ஐயு-விலேயே இருக்கும் கோளாறு டெட் ஸோனில் (கருவிக்கு எதுவும் தெரியாத ஆரம்பப் பகுதி) ஒளிந்துவிடும். சில ஸ்ப்ளைஸில் இழப்புக்குப் பதில் ஆதாயம் காட்டும். நம்பாதீர்கள், இரண்டு முனையிலிருந்தும் எடுத்துச் சராசரி பாருங்கள். ஓடிடிஆர் போடும் முன் எதிர்முனை மாட்யூலிலிருந்து கார்டைக் கழற்றிவிட வேண்டும். ஓடிடிஆரின் துடிப்பு அந்த மாட்யூலின் ரிசீவரைக் கெடுத்துவிடலாம்.

ஆனால் ஓடிடிஆர் வரைக்கும் போகும் முன், துடையுங்கள். சிங்கிள் மோடு இழையில் ஒளி ஓடும் மையப் பகுதி வெறும் 9 மைக்ரான். அதன் மேல் உட்காரும் ஒரு தூசி கண்ணுக்கே தெரியாது. வழக்கமாக நடப்பது என்னவென்றால், கார்டு முனையைத் துடைப்பார்கள், எல்ஐயு அடாப்டருக்குள் எதிர்ப்பக்கம் இருக்கும் பிக்டெயில் முனையை விட்டுவிடுவார்கள். சுத்தமான முனை அந்த அழுக்கில் போய் அழுந்தும், இப்போது இரண்டும் அழுக்கு. ஒன் கிளிக் கிளீனர் எல்சிக்கு 1.25 மில்லிமீட்டர், எஸ்சிக்கு 2.5 மில்லிமீட்டர், இரண்டும் பையில் இருக்க வேண்டும். அடாப்டர் வழியாகவே எதிர்முனையைத் துடைக்கலாம். ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைத்தால் உடனே உலர்ந்த துடைப்பானில் ஒரு முறை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த வட்டம் நிற்கும். எஸ்எஃப்பி (ஸ்விட்சில் செருகும் அந்த மாட்யூல்) வாய்க்குள் ஐபிஏ விடவே கூடாது. புதுக் கார்டு, மூடியோடு வந்தது, அதனால் சுத்தம் என்ற நினைப்பும் வேண்டாம். அழுக்கு பல நேரம் அந்த மூடியிலேயே இருக்கிறது. முடிந்தால் 200 அல்லது 400 மடங்கு ஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

சட்டையில் துடைக்கிறார்கள், வாயால் ஊதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

புதுசு_நெட்வொர்க் எழுதியது:

சார், ஒரு சந்தேகம். புது ஸ்விட்சில் 10ஜி போர்ட், பழைய ஸ்விட்சில் 1ஜி எஸ்எஃப்பி போர்ட். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி 10ஜி எஸ்ஆர் (குறுந்தூர வகை) மாட்யூல் போட்டிருக்கிறார்கள். கேபிள் ஆரஞ்சு நிறம், 200 மீட்டர். லிங்க் வரவில்லை.

கோர்_ரேக் எழுதியது:

தம்பி, இதில் இரண்டு தவறு சேர்ந்திருக்கிறது. எஸ்எஃப்பி பிளஸ், அதாவது 10ஜி மாட்யூல், 1ஜி போர்ட்டில் வேலை செய்யாது. தலைகீழாக, 1ஜி எஸ்எஃப்பியை 10ஜி போர்ட்டில் போட்டால் பெரும்பாலான ஸ்விட்சுகள் ஏற்கும். சிலவற்றில் வேகத்தை 1000 என்று கையால் எழுத வேண்டும். இரண்டாவது, ஆரஞ்சு என்றால் மல்டி மோடு (கோர் அகலமான) ஃபைபரின் பழைய தரங்களான ஓஎம்1 அல்லது ஓஎம்2. 10ஜி எஸ்ஆர் ஓஎம்1-இல் 33 மீட்டர், ஓஎம்2-இல் 82 மீட்டர் வரைதான். ஓஎம்3-இல் 300, ஓஎம்4-இல் 400. உங்கள் 200 மீட்டருக்கு இரு பக்கமும் 1ஜி எஸ்எக்ஸ் மாட்யூல் போடுங்கள். உறையில் 62.5 (மைக்ரான், அதாவது ஓஎம்1) என்று அச்சிட்டிருந்தாலும் 200 மீட்டர் ஓடும். 10ஜி வேண்டுமானால் கேபிளே மாற வேண்டும். புதிதாக இழுப்பதானால் கட்டடத்துக்குக் கட்டடம் சிங்கிள் மோடுதான் என் தீர்ப்பு. கேபிள் விலை அதிகமாகிவிடாது, நாளைக்கு 25ஜி, 100ஜி வந்தாலும் அதே கண்ணாடி போதும்.

நிறத்தை மட்டும் நம்பாமல் உறை மேல் அச்சைப் படியுங்கள். மஞ்சள் சிங்கிள் மோடு, கடல்நீலப்பச்சை ஓஎம்3 அல்லது ஓஎம்4. மஞ்சள் ஓட்டத்தின் நடுவில் ஒரு ஆரஞ்சுக் கார்டு புகுந்தால் ஒளி 50 மைக்ரானிலிருந்து 9 மைக்ரானுக்குத் திரும்ப நுழைய வேண்டும். பெரும்பகுதி வெளியே சிந்திவிடும். சில சமயம் லிங்க் வந்தும் விடும், யாராவது கார்டைத் தொட்டால் போய்விடும். அதுபோலவே பச்சை மூக்கு ஏபிசி கனெக்டரை நீல மூக்கு யூபிசியோடு சேர்க்காதீர்கள். ஏபிசி முனை 8 டிகிரி சாய்வு, முகம் முகத்தோடு பொருந்தாது, முனையும் கெடும்.

மில்_ஐடி எழுதியது:

நூற்பாலைகளில் பார்ப்பதைச் சொல்கிறேன். பஞ்சுத் தூசி எல்லா இடத்துக்கும் போகும். காலியாக இருக்கும் எஸ்எஃப்பி போர்ட்டுக்கும் எல்ஐயு அடாப்டருக்கும் மூடி கட்டாயம். ரேக் விசிறிக்கு ஃபில்டர் போட்டு மாதம் ஒரு முறை தட்ட வேண்டும்.

ஷெட்டுக்கு ஷெட் கேட்6 இழுத்த இடங்களில் ஒவ்வொரு இடி மழைக்கும் போர்ட் போகும். ஃபைபர் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பார்கள். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது, உண்மை. ஆனால் எலிக்குப் பயந்து ஆர்மர்டு போடுகிறோமே, அந்த எஃகுப் பட்டையில் மின்சாரம் ஓடும். அதை எல்ஐயு வரைக்கும் கொண்டுவந்து ரேக்கில் தொட விடக் கூடாது. கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே ஆர்மரை வெட்டி எர்த்தில் கட்டி, அதற்கு மேல் உலோகம் இல்லாத உறையோடு உள்ளே போக வேண்டும். ஹெச்டிபிஇ பைப்புக்குள் முழு நீளமும் போகிறது, எலி பயம் குறைவு என்றால் எஃப்ஆர்பி (நார் கலந்த பிளாஸ்டிக்) கம்பி வைத்த, உலோகமே இல்லாத கேபிள் எடுங்கள்.

இழுக்கும்போது உறையைப் பிடித்து இழுக்காதீர்கள், உள்ளே இருக்கும் அராமிட் நூலிலோ நடுக்கம்பியிலோ கயிறு கட்டுங்கள். இழுவையில் இருக்கும்போது வளைவு ஆரம் கேபிள் விட்டத்தைப் போல 20 மடங்கு, போட்டு முடித்தபின் 10 மடங்கு. இரு முனையிலும் 10 மீட்டர் சுருட்டி விடுங்கள். பொக்லைன் ஒருநாள் வரும்.

6 கோரில் 2 மட்டும் ஸ்ப்ளைஸ் செய்து மீதியை ஜெல்லோடு சுருட்டி வைக்கிறார்கள். ஆறையும் அடித்துவிடுங்கள். கூலி வித்தியாசம் சொற்பம். ஒரு கோர் போனால் கார்டை அடுத்ததற்கு மாற்றினால் முடிந்தது. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை என்ற வரிசை இரு முனையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று சிவப்பு லேசர் பேனா விட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

லூப்_காவலன் எழுதியது:

ஒளி இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு ஃபைபர் வழி வைத்திருக்கும் இடங்களில் மோசமான கோளாறு, ஒரு கோர் மட்டும் அறுவது. 10ஜியில் ஒரு பக்கம் ஒளி போனால் எதிர்ப்பக்கத்துக்குத் தகவல் போய் இரண்டும் இறங்கிவிடும். 1ஜியில் ஆட்டோ நெகோஷியேஷன் (இரு முனையும் தாமே பேசி இணைப்பை ஒத்துக்கொள்வது) இருந்தாலும் அப்படியே. ஆனால் லிங்க் வரவில்லை என்று யாரோ ஒருநாள் நெகோஷியேஷனை நிறுத்தி வைத்திருப்பார்கள். அங்கே ஒரு கோர் அறுந்தால் ஒளி பெறும் ஸ்விட்ச் லிங்க் இருக்கிறது என்றே நினைக்கும். ஸ்பானிங் ட்ரீ (பாக்கெட்டுகள் சுற்றிக்கொண்டே இருக்கும் லூப் வராமல் உதிரி வழியை மூடி வைக்கும் முறை) தடுத்து வைத்த போர்ட்டில் லிங்க் விழாமல் பெறும் திசை மட்டும் போய்விட்டால், அதற்கு பிபிடியு (அந்த முறையின் தகவல் பாக்கெட்) வருவது நின்றதும் தன்னைத் திறந்துகொள்ளும். அவ்வளவுதான், லூப் ஆகி வளாகம் முழுக்க நிற்கும். ஒரு திசை மட்டும் ஓடும் லிங்க்கைக் கண்டுபிடித்து மூட, சிஸ்கோவில் யூடிஎல்டி அக்ரெசிவ், ஹுவாவேயில் டிஎல்டிபி, இரண்டு முனையிலும் போடுங்கள். ஒரு முனையில் மட்டும் போட்டால் பயன் இல்லை. பிபிடியு நின்றாலும் போர்ட்டைத் திறக்க விடாத லூப் கார்டு (Loop Guard) வசதியையும் சேர்த்துப் போடுங்கள். மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைக் காப்பராக மாற்றும் பெட்டி) நடுவில் இருந்தால் அதன் பின்னால் இருக்கும் லிங்க் லாஸ் ஃபார்வர்டிங் சுவிட்சை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஃபைபர் அறுந்தும் காப்பர் பக்கம் பச்சையாகவே எரியும்.

புதுசு_நெட்வொர்க் எழுதியது:

எஸ்எக்ஸ் போட்டதும் லிங்க் வந்துவிட்டது சார், நன்றி. இன்னொரு இடத்தில் ஒற்றைக் கோர்தான் மிச்சம். பைடை (ஒற்றைக் கோரிலேயே இரு திசையும் போகும்) மாட்யூல் இரண்டு வாங்கினார்கள், இரண்டிலும் ஒளி வெளியே வருகிறது, லிங்க் இல்லை.

ஸ்ப்ளைசர்_சேலம் எழுதியது:

இரண்டும் ஒரே வகையாக இருக்கும், லேபிளைப் பாருங்கள் தம்பி. ஒன்று 1310-இல் அனுப்பி 1490-இல் வாங்க வேண்டும், எதிர்முனை 1490-இல் அனுப்பி 1310-இல் வாங்க வேண்டும். 1310, 1550 ஜோடியும் உண்டு. இரண்டு ஜோடிகளையும் கலக்கக் கூடாது. பெட்டியில் ஜோடியாகக் கேட்டு வாங்குங்கள், உதிரிக்கும் இரண்டு வகையில் ஒவ்வொன்று வையுங்கள்.

"தூரத்துக்குப் போகும் மாட்யூல்தானே, இன்னும் நல்லது" என்று 80 கிலோமீட்டர் மாட்யூலைக் கிட்டத்தில் போடவும் வேண்டாம். இசட்எக்ஸ் என்ற அந்த வகை 0 முதல் பிளஸ் 5 டிபிஎம் அனுப்பும், ரிசீவர் தாங்குவது மைனஸ் 3 வரைதான். 600 மீட்டரில் அந்த ஒளி குறையவே குறையாது. வேறு வழியில்லை என்றால் இரு முனையிலும் ரிசீவர் பக்கம் 10 டிபி அட்டென்யூவேட்டர் (ஒளியைக் குறைக்கும் துண்டு) போட்டு, ஸ்விட்சில் ரிசீவ் அளவைப் பார்த்து எழுதி வையுங்கள். முனையைக் கண்ணால் பார்க்காதீர்கள், 1310-உம் 1550-உம் கண்ணுக்குத் தெரியாது. 850 மட்டும் பல கைபேசி கேமராக்களில் மங்கலான ஊதாப் புள்ளியாகத் தெரியும். மற்றதற்கு பவர் மீட்டர்தான்.

கோர்_ரேக் எழுதியது:

அந்த எழுதி வைப்பதை வேலை முடித்த நாளிலேயே எல்லாரும் செய்யுங்கள். ஒவ்வொரு கோருக்கும் இரு முனை அனுப்பும் அளவு, பெறும் அளவு, தேதி, மாட்யூல் வரிசை எண், எல்ஐயு போர்ட் எண். தாளை லேமினேட் செய்து எல்ஐயு மூடியின் உள்பக்கம் ஒட்டினால் போதும். பிறகு புகார் வரும்போது 2 டிபிக்கு மேல் குறைந்திருந்தால் கிளீனரோடு போங்கள், ஒரே அளவில் நின்றால் ஸ்விட்ச் கான்ஃபிகரேஷனைப் பாருங்கள்.