ஏற்காடு ஏற ரெட்டை மோட்டார் எலக்ட்ரிக் மொபெட் தாங்குமா?

அடிவாரத்தான்:
வீடு சேலத்தில், கடை ஏற்காட்டில். தினமும் ஏறி இறங்க வேண்டும். முன் சக்கரத்தில் ஒன்று, பின் சக்கரத்தில் ஒன்று என்று தலா 1000 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே பொருத்தியது) வைத்த மொபெட்டைக் காட்டினார்கள். 60 வோல்ட், 20 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி, ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள். மலைக்கு ஒத்து வருமா, இல்லை ஒற்றை மோட்டாரே போதுமா?

வாட்கணக்கு:
அண்ணா, முதலில் பேட்டரியைப் பாருங்கள். அறுபதை இருபதால் பெருக்கினால் 1200 வாட் ஹவர், அவ்வளவுதான் கையிருப்பு. சேலத்திலிருந்து ஏற வேண்டிய உயரம் சுமார் 1200 மீட்டர், நீங்களும் வண்டியும் சேர்ந்து 160 கிலோ என்று வைத்தால், மேலே தூக்க மட்டுமே 520 வாட் ஹவர் போய்விடும், அதன் மேல் மோட்டார் சூடாக வீணாக்குவது, டயர் உராய்வு, காற்று எல்லாம் சேர்ந்தால் கடை வாசலுக்குப் போகும்போது கொஞ்சம்தான் மிஞ்சும். 80 கிலோமீட்டர் என்பது சமதளத்தில் மெதுவாகப் போனால் வரும் கணக்கு. குறைந்தது 30 ஆம்பியர் ஹவர் கேளுங்கள்.

கன்ட்ரோலர் குமார்:
பேட்டரி பற்றிச் சொன்னது சரி, ஆனால் இந்த மலைக்கு ரெட்டை மோட்டார் கட்டாயம் வேண்டும் என்பேன். ஹப் மோட்டாரில் மாற்றிப் போட கியர் கிடையாது, கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்ததும் கரண்டை அள்ளி இழுக்கும், உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கொதிக்கும். அதே இழுவையை இரண்டு மோட்டார் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் கரண்ட் பாதி, சுருளில் சூடு கால்வாசி, இரண்டையும் கூட்டினாலும் பழைய சூட்டில் பாதிதான். ஒன்று கவனியுங்கள், ஏற்றத்தில் பாரம் பின்னால் சாயும், மழை ஈரத்திலோ ஜல்லியிலோ முன் சக்கரம் சும்மா சுற்றி வழுக்கிவிடும். முன் மோட்டாரைத் தனியாக அணைக்க ஸ்விட்ச் இல்லாத வண்டியை வாங்காதீர்கள்.

ஆர்டிஓ பக்கத்து வீடு:
250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட வண்டிக்குத்தான் பதிவு, லைசென்ஸ் வேண்டாம். இதற்கு நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும், இந்த மாடலுக்கான ஒப்புதல் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

அப்புறம் இறக்கம். இறங்கும்போது மோட்டார் சக்கரத்தைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும், அதில் வரும் கரண்ட் பேட்டரிக்கே திரும்பும். கடையில் முழு சார்ஜ் போட்டுவிட்டு உடனே இறங்கினால் பேட்டரியில் இடம் இருக்காது, மோட்டார் பிரேக் பிடிக்காது, பாரம் முழுவதும் டிஸ்க் பிரேக் மேல் விழும். மேலே 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளுங்கள்.