வியட்நாம் விடுதலைப் போரின் திருப்புமுனை எது?

கேள்வி: பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான போரின் முடிவை 1954-இல் பிரெஞ்சுத் தளம் இருந்த தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் நடந்த சண்டை தீர்மானித்தது என்பார்கள். அதற்கு முன்பே போரின் போக்கு மாறிவிட்டதா?

மறுமொழி 1: 1950-ஆம் ஆண்டே திருப்புமுனை என்பேன். சீன எல்லையோரக் காவ் பாங்கிலிருந்து பின்வாங்கிய பிரெஞ்சுப் படைகள் நான்காம் எண் சாலையில் சிதறடிக்கப்பட்டதால், விடுதலைக்குப் போராடிய வியட் மின் இயக்கத்துக்குச் சீனாவிலிருந்து ஆயுதங்கள் வரும் வழி திறந்துவிட்டது.

மறுமொழி 2: ஐயா கூறுவது சரியே; ஆயினும் வழி திறந்ததும் வெற்றி கிட்டிவிடவில்லை. 1951-இல் செவ்வாற்றுச் சமவெளியில் பிரெஞ்சுப் படையுடன் நேருக்கு நேர் மோதிய வியட் மின் தளபதி கியாப் பேரிழப்பைச் சந்தித்தார். தியன் பியன் பூவில் அவர் அவசரப்படவில்லை. ஜனவரியில் தொடங்கவிருந்த தாக்குதலைத் தள்ளிவைத்து, பீரங்கிகளைக் கயிறு கட்டி மலைமேல் கையாலேயே இழுக்கச் செய்து, மார்ச் 13-இல்தான் தாக்கினார்.

மறுமொழி 3: அரிசி மூட்டைகளைச் சைக்கிளில் ஏற்றி, கைப்பிடியில் மூங்கில் கழியைக் கட்டி, காட்டுவழியே தள்ளிச் சென்ற எளிய மக்களையும் மறக்கலாகாது. மே 7-இல் பிரெஞ்சுத் தளம் வீழ்ந்தது; மறுநாளே ஜெனீவாவில் இந்தோசீனா குறித்த பேச்சுவார்த்தை தொடங்கியது.