புதுப்பிப்பு: ஒலியா, எழுத்தா? ஒத்த சொற்களைத் தேடியதில் கண்டது

பெயர்ப் பட்டியலில் எழுத்து மாறிப் பதிவான இரட்டைகளைப் பிடிக்க லெவன்ஷ்டைன் தூரம் (ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்துக் குறிகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்ற எண்ணிக்கை) நல்லதா, சவுண்டெக்ஸ் (ஒலி ஒத்த பெயர்களுக்கு ஒரே குறி தரும் முறை) நல்லதா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. 'கொடி' என்ற சொல்லின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் லெவன்ஷ்டைன் இடையே 2 தூரம் சொன்னது! ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். இரண்டையும் ஒரே யூனிகோடு (கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறை) வடிவத்துக்குச் சீராக்கிய பிறகுதான் 0 வந்தது. இதைச் செய்யாமல் எந்த அல்காரிதத்தையும் ஒப்பிடாதீர்கள்.

அப்புறம், 'பழம்' என்பதிலிருந்து 'பளம்', 'படம்' இரண்டுமே லெவன்ஷ்டைனுக்கு 1 தூரம்தான். முதலாவது எழுத்துப்பிழை, இரண்டாவது வேறு சொல். அது அதற்குத் தெரியாது. 1918-இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் ஆங்கிலத்துக்கானது, முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். அதனால் கே-யில் தொடங்கும் கேத்தரினும் சி-யில் தொடங்கும் கேத்தரினும் சேராமலே போகும்.

சரி, என் முடிவு: ல-ள-ழ, ர-ற, ந-ன-ண ஆகியவற்றுக்கு ஒரே குறி கொடுத்து ஒலிக்குறியீடு செய்தேன். அதில் மனமும் மணமும் ஒன்றாகிவிடும். எனவே அது ஒத்திருக்கக்கூடிய பெயர்களைத் திரட்ட மட்டும், அவற்றை நெருக்கத்தின்படி வரிசைப்படுத்த லெவன்ஷ்டைனின் இன்னொரு வடிவமான டாமரோ-லெவன்ஷ்டைன். பக்கத்து எழுத்துகள் இடம் மாறினால் அது 2 அல்ல, 1 என்றே எண்ணும். தட்டச்சுப் பிழைகளுக்கு அதுவே பொருத்தம்.